கோசோ வீட்டின் ஈரச் சுவர்: என் அனுபவம்

மால்டாவின் கோசோ தீவில் வீடு பார்க்கப் போனது ஜூலையில். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதில் மயங்கித்தான் வாங்கினேன். டிசம்பர் மழையில் சாயம் வெளுத்தது: படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியில் வெள்ளை உப்பு. அலமாரிக்குள் தோல் செருப்பில் பச்சைப் பூஞ்சை!

இரண்டு முறை பெயிண்ட் அடித்தேன், வீண். அந்த ஊர் மஞ்சள் சுண்ணாம்புக்கல் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். மேலே யாரோ பூசியிருந்த சிமெண்ட் அதை வெளியே விடவில்லை. கொத்தனார் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினார். அப்புறம் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, காற்றின் ஈரத்தை இழுக்கும் மிஷின் ஒன்று வாங்கினேன். முதல் இரவே தொட்டியில் மூன்று லிட்டர் தண்ணீர்! கரண்ட் பில்தான் கொஞ்சம் கடிக்கிறது, செருப்பு தப்பித்தது.