மினிடிஸ்கில் உள்ள காமன் கூத்தைக் கணினிக்கு மாற்றும் முறை

இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும், மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்தை மினிடிஸ்கிலோ (ஒலியை டிஜிட்டலாகப் பதியும் சிறு வட்டு) கேசட்டிலோ பதிந்து வைத்திருப்பவர்கள், கருவி இயங்கும் நிலையில் இருக்கும்போதே அதைக் கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது. மினிடிஸ்க் கருவிகளின் விற்பனையைச் சோனி 2013இல் நிறுத்திவிட்டதால், இருப்பது பழுதானால் பழையதொன்றைத்தான் தேட வேண்டியிருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் நகல் தடையைப் புரிந்துகொள்ளுங்கள். மினிடிஸ்க், டாட் (டிஜிட்டல் ஒலிநாடா) ஆகிய வீட்டுப் பாவனைக் கருவிகளில், பிரதியிலிருந்து பிரதி எடுப்பதைத் தடுக்கும் எஸ்.சி.எம்.எஸ். என்ற ஏற்பாடு உண்டு. டிஜிட்டல் வயரில் ஒலியுடன் சேர்ந்து செல்லும் ஓரிரு பிட்டுகள், தாராளமாகப் பிரதி எடுக்கலாமா, ஒரு முறை மட்டுமா, எடுக்கவே கூடாதா என்பதை மறுமுனையிலுள்ள கருவிக்கு அறிவிக்கின்றன. மைக் வைத்து நீங்களே பதிந்த கூத்தும் இதற்கு விலக்கல்ல: முதல் வட்டிலிருந்து டிஜிட்டல் பிரதி கிடைக்கும், அந்தப் பிரதியிலிருந்து இன்னொன்று எடுக்கப் போனால் கருவி மறுத்துவிடும். பதிவு யாருடையது என்று பார்க்கும் அறிவு அதற்கு இல்லை.

அனலாக் வயரில் இந்தப் பிட்டுகள் செல்வதில்லை. ஆகவே தடையும் இல்லை. கையடக்க மினிடிஸ்க் கருவிகள் பெரும்பாலானவற்றில் டிஜிட்டல் வெளியீடே கிடையாது என்பதால், எப்படியும் இதுவே வழி.

கருவியின் லைன் அவுட்டை (ஒலி வெளியேறும் துளை), அது இல்லையெனில் ஹெட்போன் துளையை, 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ வயரால் கணினியின் லைன் இன்னில் (ஒலி உள்ளே செல்லும் துளை) இணையுங்கள். மடிக்கணினியில் ஒரே துளை மட்டும் இருந்தால் அது ஹெட்செட் மைக்குக்கானது. ஒலி ஒற்றைத் தடமாகச் சுருங்கிக் கரகரக்கும். லைன் இன் உள்ள யூ.எஸ்.பி. ஒலி இடைமுகம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என அமையுங்கள். பலரும் அவசரப்படுவது ஒலி மட்டத்தில்தான். தீயில் காய்ச்சி இறுக்கிய தப்பு என்னும் பறையின் முதல் அடி, பாடுபவரின் குரலைவிடப் பல மடங்கு உயரும். குரலைக் கேட்டு மட்டத்தை வைத்தால் அடி ஒவ்வொன்றும் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும், பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரிவர மீட்க முடியாது. ஆகையால் தப்பு உச்சத்தில் ஒலிக்கும் பகுதியை முதலில் ஓடவிட்டு, அளவுமானி மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதவாறு அமைத்த பின்னரே தொடக்கத்திலிருந்து பதியுங்கள்.

கேசட்டுக்கும் இதே முறைதான். ஆனால் மலைநாட்டு ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சை படிந்திருக்கலாம். அப்படியானால் சுத்தம் செய்யாமல் ஓடவிட வேண்டாம்.

முடிந்ததும், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். 74 நிமிட வட்டுக்கு ஏறத்தாழ 780 மெகாபைட் தேவைப்படும். கடையில் வாங்கிய பாடல்களுக்கு உரிமையாளர் வேறு. அவற்றுக்கு இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொருந்தும். கோப்பை முழுவதும் கேட்டுச் சரிபார்த்து, வேறொரு வன்தட்டிலும் பிரதி வைக்கும்வரை மூல வட்டில் எதையும் அழிக்க வேண்டாம்.