மோசின்-நாகந்த் ரைஃபிளில் வெற்று உறை சிக்கிக்கொண்டால்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

ரஷ்யாவில் 1891இல் படைப் பயன்பாட்டுக்கு ஏற்கப்பட்ட மோசின்-நாகந்த், இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் பலருக்கு மான் வேட்டை ரைஃபிளாக இருக்கிறது. சுட்டபின் போல்ட்டின் (குழலின் பின்புறத்தை அடைக்கும் உலோகத் தண்டின்) பிடியைத் தூக்க முடியாமல் போவதே இதைப் பற்றி அடிக்கடி எழும் குறை. பிடி குட்டையாகவும் நேராகவும் இருப்பதால் கைக்குக் கிடைக்கும் நெம்புவிசை குறைவு. ஆகவே சுட்ட தோட்டாவின் வெற்று உறை உள்ளே சற்றே ஒட்டினாலும் போல்ட் இறுகிவிடுகிறது. சுத்தியலால் தட்டித் திறப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். அது காரணத்தைத் தொடாமல் பிடியையும், உறையை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரையும் மட்டுமே வருத்துகிறது.

ரைஃபிள் முற்றிலும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, போல்ட்டைத் திறந்து மூடிப் பாருங்கள். காலியாக இருக்கும்போதே இறுகினால் கோளாறு போல்ட்டில் இருக்கிறது. அதைக் கழற்றிப் பழைய கிரீஸை நீக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். காலியாக இருக்கும்போது எளிதாக இயங்கி, சுட்டபின் மட்டும் இறுகினால், தோட்டா உட்காரும் சேம்பரைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, சிக்கி வெளிவந்த உறையின் அடிவிளிம்பைக் கவனியுங்கள். புதியவர்கள் இதைப் பார்க்காமலேயே புதிய எக்ஸ்ட்ராக்டர் வாங்கிவிடுகிறார்கள். விளிம்பில் ஆழமான கீறலோ கிழிசலோ இருந்தால், எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது, உறைதான் சேம்பரை விட்டு வர மறுத்திருக்கிறது என்று பொருள். விளிம்பில் தழும்பே இல்லாமல் போல்ட் மட்டும் பின்னால் வந்து, உறை உள்ளேயே தங்கியிருந்தால், எக்ஸ்ட்ராக்டரின் முனை தேய்ந்திருக்கலாம், அல்லது அதன் அடியில் அழுக்கு அடைந்திருக்கலாம். போல்ட்டின் தலையைத் தனியே எடுத்து, வெற்று உறையின் விளிம்பை அதில் மாட்டிப் பாருங்கள். நன்றாகப் பற்றிக்கொண்டால் எக்ஸ்ட்ராக்டரை மாற்றத் தேவையில்லை.

என் ரைஃபிளில் சிக்கல் இருந்தது சேம்பரில்தான். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த இந்த ரைஃபிள்களுக்குக் காஸ்மோலின் என்னும் கெட்டியான பாதுகாப்பு கிரீஸைப் பூசியிருந்தார்கள். குழலைத் துடைக்கும் மெல்லிய தூரிகை அகலமான சேம்பரின் சுவரை அழுத்தித் தேய்ப்பதில்லை. அதனால் குழல் பளபளத்தாலும் சேம்பரில் கிரீஸ் படலமாக நின்றுவிடுகிறது. சில குண்டுகள் சுட்டுச் சூடேறியதும் அது இளகி, உறையைப் பசைபோல் பிடித்துக்கொள்கிறது. முதல் இரண்டு குண்டுகளுக்கு எளிதாகத் திறந்த போல்ட் பிறகு இறுகுவது இதனால்தான். உறையின் அரக்குப் பூச்சு உருகுகிறது என்று பலர் சொன்னாலும், நான் முதலில் சந்தேகிப்பது காஸ்மோலினையே.

சுடும் விசையை (ட்ரிகரை) இழுத்துப் பிடித்தபடி போல்ட்டைப் பின்னால் உருவி எடுங்கள். 20 கேஜ் ஷாட்கன்னுக்கான வெண்கலத் தூரிகையை ஒரு சிறு துப்புரவுக் கம்பியில் பொருத்தி, கிரீஸைக் கரைக்கும் மினரல் ஸ்பிரிட்ஸ் திரவத்தில் நனைத்து, பின்பக்கமாகச் சேம்பருக்குள் செலுத்துங்கள். கம்பியைத் துளைப்பானில் மாட்டி மெதுவான வேகத்தில் சுழற்றலாம். கையால் மட்டும் செய்வதைவிட இதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் சுவர் முழுவதும் ஒரே சீராகத் தேய்படுகிறது. துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை தேய்த்தலையும் துடைத்தலையும் மாறிமாறிச் செய்யுங்கள். கறை பிடிவாதமாக இருந்தால் தூரிகையின் மீது 0000 எண் ஸ்டீல் வுல்லை (மிக நுண்ணிய எஃகு இழைப் பஞ்சை)ச் சுற்றிக்கொள்ளலாம். உப்புத்தாளை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்; அது அழுக்கோடு உலோகத்தையும் தின்று, சேம்பரின் அளவையே மாற்றிவிடும்.

முடிந்ததும் சேம்பரை உலர்த்தித் துடைத்துவிடுங்கள். அங்கே எண்ணெய் நின்றால் உறை சுவரைப் பற்றாமல் பின்னோக்கி வழுக்கும், போல்ட்டின் மீது அழுத்தம் கூடும். பின்னர், அதே ரைஃபிளில் சுட்ட வெற்று உறை ஒன்றைச் சேம்பருக்குள் இட்டு, குழல் முனையை மேல்நோக்கிப் பிடியுங்கள். உறை தானாகவே நழுவி வர வேண்டும்.

இதைப் படித்த சிலர் உறை உள்ளேயே இறுகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். சுடப்பட்ட வெற்று உறை என்பது உறுதியானால், ஊடுருவும் எண்ணெய் சில துளிகள் விட்டுக் காத்திருந்து, குழல் முனை வழியே கம்பியை விட்டு மெதுவாகத் தட்டி வெளியேற்றலாம். சுடப்படாத தோட்டா என்றால் கம்பியால் தொடவே கூடாது. அது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை.

இன்னொருவர், சுத்தம் செய்தபின்னும் எஃகு உறைகள் மட்டும் இறுகுவதாகத் தெரிவித்தார். சுட்டபின் பித்தளை சுருங்கும் அளவுக்கு எஃகு சுருங்குவதில்லை என்பதால், வேட்டைக்குப் பித்தளை உறைத் தோட்டாக்களையே பரிந்துரைக்கிறேன். பித்தளையும் சிக்கினால் விளக்கொளியில் சேம்பரைப் பாருங்கள். அரிக்கும் உப்புள்ள பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு வெந்நீரால் கழுவாமல் விட்ட ரைஃபிள்களில் துருக்குழிகள் இருக்கும்; உறை விரிந்து அவற்றுக்குள் பதிந்துவிடுவதால் எந்தத் தூரிகையாலும் பயன் இல்லை. தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகிப் பரந்திருந்தாலும், உறையின் உடலில் விரிசல் தெரிந்தாலும், அந்த ரைஃபிளில் மேலும் ஒரு குண்டு கூடச் சுடாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட்டின் முகப்புக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் இடையிலான தூரத்தை) அளக்கச் சொல்லுங்கள்.