பழைய கோச்சைத் திரும்பக் கூப்பிடலாமா? ரசிகர்கள் உட்கார்ந்து பேசி முடிவுக்கு வர ஒரு வழி

இந்தியக் கால்பந்து அணியின் கோச் பதவி காலியாகும்போதெல்லாம் ஒரு பழைய பெயர் தலைகாட்டும், ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். 2025 ஜூலையில் மனோலோ மார்க்கேஸ் விலகியதும் 170 பேர் விண்ணப்பித்தார்கள். அதிலிருந்து மூன்று பெயர்கள் இறுதிப் பட்டியலுக்கு வந்தன: காலித் ஜமீல், ஸ்லோவாக்கியாக்காரர் ஸ்டெஃபான் டார்கோவிச், அப்புறம் ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன். 2002 முதல் 2005 வரை ஒரு தடவை, 2015 முதல் 2019 தொடக்கம் வரை இன்னொரு தடவை என்று நம் அணியை ஏற்கெனவே நடத்தியவர் கான்ஸ்டன்டைன். மூன்றாவது முறையும் அவரா என்று எங்கள் திருப்பூரில் பெரிய வாக்குவாதம் நடந்தது.

நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டர்ஃபில் ஆடி முடித்துவிட்டுப் பக்கத்துப் பேக்கரியில் உட்காருகிற கூட்டம் எங்களுடையது. வால்பாறை எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள், கோவை கல்லூரிப் பையன்கள், ஓய்வு பெற்ற ஒரு பி.டி. வாத்தியார், கம்பெனிகளில் வேலை பார்க்கிற மணிப்பூர், வங்காளத் தம்பிகள் என்று எல்லாரும் உண்டு. இத்தனை பேர் ஒரே நேரத்தில் கத்தினால் டீ ஆறிப்போவதுதான் மிச்சம். அதனால் இந்தப் பேச்சை நடத்த ஒரு முறையை மெதுவாக உருவாக்கிக்கொண்டோம். உங்கள் ஊரிலும் இதே சண்டை வந்தால் இது உதவும்.

ஆளைப் பேசுவதற்கு முன் வேலையைப் பேசுங்கள்

பேட்டர்ன் வெட்டுகிற பழுப்பு அட்டை ஒன்றை நான் எடுத்துப் போவேன். அதன் மேலே முதலில் எழுதுவது கோச் பெயர் இல்லை, அவர் செய்ய வேண்டிய வேலை. 2025 ஜூலையில் நாங்கள் எழுதியது இதுதான்: 2027 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் முடிந்துவிட்டது. ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0, ஹாங்காங்கில் 0-1 தோல்வி. கையில் ஒரே ஒரு புள்ளி. மீதி நான்கு ஆட்டம், அதில் இரண்டு சிங்கப்பூரோடு. கோச்சுக்குக் கிடைக்கப்போவது சில வாரப் பயிற்சி மட்டும்.

இதை எழுதிப் போட்டவுடனே பாதிச் சத்தம் அடங்கிவிட்டது. காரணம், எங்களில் சிலர் மூழ்குகிற கப்பலைக் கரை சேர்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஐந்து வருடத்துக்கு அணியைக் கட்டுகிற ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்பதில் ஒத்துப்போகாமல் பெயரைப் பற்றிப் பேசினால் விடிய விடியப் பேசலாம்.

சாம் அலர்டைஸ் கதையை இந்த இடத்தில் சொல்லுங்கள், எல்லாருக்கும் சட்டென்று விளங்கும். 2016இல் இங்கிலாந்து அணியின் மேனேஜர் ஆனார். மாறுவேடத்தில் வந்த நிருபர்களிடம் அவர் பேசிய பேச்சு வெளியாகி, 67 நாளில் பதவி போயிற்று. நடத்தியது ஒரே ஆட்டம். அதே வருடம் டிசம்பரில் கிரிஸ்டல் பேலஸ் கிளப் அவரை எடுத்தது. கீழ் லீகுக்கு இறங்கும் இடத்துக்கு ஒரு படி மேலே நின்ற அணியை 14ஆம் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த வருடம் எவர்டனுக்குப் போய் எட்டாம் இடம் பிடித்துக் கொடுத்தார், ஆனாலும் அவருடைய ஆட்டமுறையை ரசிகர்கள் வெறுத்தார்கள். கிளப்பே ரசிகர்களுக்குக் கேள்வி அனுப்பி அவருக்கு மார்க் போடச் சொன்னது. சீசன் முடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆள் ஒருவர்தான். பேலஸுக்குத் தேவைப்பட்டது அவரிடம் இருந்தது, எவர்டன் ரசிகர்கள் எதிர்பார்த்தது இல்லை. காப்பாற்றும் வேலையிலும் அவர் எல்லாத் தடவையும் ஜெயித்துவிடவில்லை. பிற்பாடு வெஸ்ட் பிராமும் லீட்ஸும் அவர் கையில் இருந்தபோதே கீழிறங்கின.

கோபத்தைப் பிரித்து எழுதுங்கள்

அடுத்து அட்டையில் மூன்று கட்டம் போடுங்கள்: முடிவுகள், நடத்தை, ஆட்டமுறை. "அந்த ஆளே வேண்டாம்" என்று யார் சொன்னாலும் எந்தக் கட்டத்துக்காகச் சொல்கிறார் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்க ஒருவர் வேண்டும். எங்களுக்கு அந்த வாத்தியார்.

இகோர் ஸ்டிமாச் பெயர் வந்தபோது இது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. 2019 முதல் 2024 ஜூன் வரை நம் அணியின் கோச்சாக இருந்தவர். முடிவுகள் கட்டத்தில் இரண்டு பக்கமும் எழுத விஷயம் இருக்கிறது. 2023இல் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் குவைத்தைப் பெனால்டியில் வென்று தெற்காசியப் போட்டியான சாஃப் கோப்பை. அதே ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் 99. அப்புறம் 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூனில் தோஹாவில் கத்தாரிடம் 1-2. கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தைத் திரும்ப இழுத்துப் போட்ட கோல் அதில் ஒன்று. அந்தக் கோலுக்காக அவரைக் குறை சொல்ல நான் ஒப்பவில்லை.

நடத்தைக் கட்டத்தில்தான் பேச்சு சூடானது. சாஃப் போட்டியிலேயே இரண்டு ஆட்டத்தில் ரெட் கார்டு வாங்கினார். 2023 செப்டம்பரில் வந்த செய்தி இன்னும் பெரியது: ஆட்டத்துக்கு முன்பே வீரர்கள் பட்டியலை ஒரு ஜோதிடருக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார் என்று. இதைச் சொன்னதும் செக்கிங் பிரிவு மேஸ்திரி ஒருவர், "ஏனுங்க, நாம பொண்ணு பாக்கறதுக்கு, கடை தொறக்கறதுக்கெல்லாம் ஜாதகம் பாக்கறமில்லீங்க? அவரு பாத்தா மட்டும் குத்தமுங்களா?" என்றார். பல பேர் தலையாட்டினார்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. வாத்தியார் பதில் சொன்னார்: "நம்பிக்கை அவரோடதுங்க. லிஸ்ட்டு நம்மளோடது." வெளியே இருக்கிற ஒருவர் கைக்குப் பட்டியல் போகிறது, அதைப் பார்த்து ஒரு பையனுக்கு இடம் கிடைக்கிறது அல்லது போகிறது என்றால், அந்தப் பையன் பயிற்சியில் ஓடிய ஓட்டத்துக்கு என்ன மதிப்பு? மேஸ்திரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஸ்டிமாச்சை நான் மறுப்பதும் இந்தக் கட்டத்துக்காகத்தான்.

கான்ஸ்டன்டைனுக்கு நடத்தைக் கட்டத்தில் எழுதக் கிடைத்தது மூத்த வீரர்களோடு உரசல் என்ற பேச்சு. எந்த அணியிலும் கண்டிப்பான கோச்சுக்கு இது வரும். அதற்காக மட்டும் ஓர் ஆளைத் தள்ளிவிடாதீர்கள்.

எண்ணைச் சொன்னால் எதிரணியையும் சொல்லச் சொல்லுங்கள்

"173இலிருந்து 96க்குக் கொண்டுவந்தாருங்க" என்று கான்ஸ்டன்டைன் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வார்கள். உண்மைதான். 2015இல் 173, 2017 ஜூலையில் 96. ஆனால் அந்த ஏற்றம் யாரை வென்று வந்தது என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். மும்பையில் போர்ட்டோ ரிக்கோ 4-1. கம்போடியா 3-2. மியான்மரை அதன் மண்ணிலேயே 1-0. கிர்கிஸ்தான் 1-0. இதில் மியான்மர், கிர்கிஸ்தான் வெற்றிகளுக்கு நான் நல்ல மதிப்புக் கொடுப்பேன். அதே ஆளின் கீழ்தான் 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குவாமிடம் 1-2 என்று தோற்றோம். எட்டு ஆட்டத்தில் ஒரே வெற்றியோடு கடைசியில் நின்றோம்.

இன்னொன்று. அவருடைய 96ஐயும் ஸ்டிமாச்சின் 99ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். 2018 ஆகஸ்டில் ஃபிஃபா கணக்கு முறையையே மாற்றிவிட்டது. பழைய முறையில் நான்கு வருட ஆட்டங்களின் சராசரி எடுப்பார்கள். நட்பு ஆட்டங்களுக்கு மதிப்புக் குறைவு என்பதால், அவற்றைக் குறைத்து ஆடினாலே சராசரி தப்பிக்கும். புதிய முறையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரணியின் பலத்தைப் பார்த்துப் புள்ளி கூடும், குறையும். இரண்டு எண்ணும் இரண்டு வேறு அளவுகோலில் வந்தவை.

எண்ணைவிட ஓர் ஆட்டத்தை முழுதாகப் பேசுவது நல்லது. எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டது 2019 ஜனவரி. அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று அடித்தோம்; 1964க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் நம் முதல் வெற்றி. அடுத்து அமீரகத்திடம் 0-2. கடைசியாக ஷார்ஜாவில் பஹ்ரைன். சமன் செய்தாலே அடுத்த சுற்று. 90 நிமிடம் தாண்டி ஒரு ஃபவுல், பெனால்டி, 0-1, வெளியே. அன்று ராத்திரியே கான்ஸ்டன்டைன் பதவி விலகினார். அந்த ஆட்டத்தில் நாம் பந்தை வைத்திருக்கவே முயலவில்லை, பின்னால் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நேரத்தைத் தள்ளினோம் என்பது என் கருத்து. நேரம் தள்ளுகிற அணிக்கு ஒரே ஒரு தப்பு போதும். இது மூன்றாவது கட்டம், ஆட்டமுறை.

பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம் கேளுங்கள்

ஒரு கோச் தேசிய அணியை விட்டபின் என்ன செய்தார் என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கான்ஸ்டன்டைன் 2022-23இல் கொல்கத்தா கிளப்பான ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். எங்கள் கூட்டத்து வங்காளத் தம்பி பிறவி ஈஸ்ட் பெங்கால் ரசிகன். தமிழ் இன்னும் தடுமாறும், அதனால் பெரியவர்கள் பேச்சில் ஓரமாகவே இருப்பான். அன்றைக்கு அவனைத்தான் முதலில் பேச வைத்தோம்.

அவன் சொன்னதில் இரண்டு பக்கமும் இருந்தது. புதிய முதலீட்டாளர் வந்ததே ஆகஸ்டில், அணி அவசரமாகச் சேர்ந்தது, அது கோச்சின் குற்றமில்லை. முந்தைய வருடம் லீகில் பதினொரு அணிகளில் பதினொன்றாவது. இவர் வந்து ஒன்பதாவது. கிளெய்ட்டன் சில்வா 12 கோல் அடித்தார். "ஆனா அண்ணா, ஒடிசா மேட்ச்" என்று நிறுத்தினான். சொந்த மைதானத்தில் 2-0 முன்னிலையில் இருந்து 2-4 என்று தோற்ற ஆட்டம் அது. முன்னிலை வந்தபின் பந்தைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றான். ஷார்ஜாவில் நான் பார்த்ததையே அவன் கொல்கத்தாவில் பார்த்திருக்கிறான். எனக்கு அந்த ஒரு சாட்சி போதுமாக இருந்தது.

நியாயமாக இன்னொரு வரியும் சேர்த்தோம். 2023 அக்டோபரில் பாகிஸ்தானுக்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதல் வெற்றியை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், இஸ்லாமாபாத்தில் கம்போடியாவை 1-0. ஒன்றுமில்லாத இடத்தில் ஒழுங்கைக் கொண்டுவருவது அவருடைய பலம்.

வெளிநாட்டு உதாரணங்களில் நேரத்தைக் கொட்டாதீர்கள். உலகமே கைவிட்ட ஆள் ஜெயித்ததும் உண்டு, ஜெயிக்காததும் உண்டு. 2014இல் ஜெர்மனியிடம் 1-7 வாங்கிய ஸ்கொலாரி அடுத்த வருடமே குவாங்சோ எவர்கிராண்டேவோடு ஆசிய சாம்பியன்ஸ் லீக் வென்றார். 2010இல் பிரான்ஸ் வீரர்கள் பயிற்சிக்கே வர மறுத்த சமயத்தில் கோச்சாக இருந்த டொமெனெக், பத்து வருடம் கழித்து நாந்த் அணிக்கு வந்து ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் போனார். இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொரு கதை கிடைக்கும், அவ்வளவுதான். அதைவிடக் கோவை நேரு ஸ்டேடியத்தை நினைவுபடுத்துங்கள். 2018-19இல் சென்னை சிட்டி அங்கே ஆடி ஐ-லீக் வென்றபோது கோச் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். அதற்கு முன் அவர் பெயரை எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பழகிய பெயர் என்பதற்காகவே ஒருவரைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் புரிய வைக்க அது ஒன்று போதும்.

ஓட்டு எடுக்கும் விதம்

கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். முதலாளியும் வேலையாளும், அண்ணனும் தம்பியும் ஒரே மேஜையில் இருக்கும்போது கை ஒரு பக்கமாகவே தூக்கும். சீட்டில் எழுதி வாங்குங்கள். வேண்டும், வேண்டாம் என்ற இரண்டோடு "இந்த நிபந்தனையோடு வேண்டும்" என்று மூன்றாவது இடமும் விடுங்கள். அதில்தான் நல்ல யோசனைகள் வரும்.

நிபந்தனையில் ஒப்பந்தக் காலம் கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்டிமாச்சுக்கு 2023 அக்டோபரில் 2026 வரை நீட்டிப்புக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் நீக்கினார்கள். கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்தார்கள். நம் நாட்டுச் சிறுவர் கால்பந்துக்குப் போயிருக்க வேண்டிய காசு அது. துணியைத் துவைத்துச் சுருக்கம் பார்க்காமல் மொத்த ஆர்டரையும் மேஜையில் விரித்து வெட்ட மாட்டோம். சர்ச்சைக்குரிய கோச்சுக்கும் முதலில் இந்தத் தகுதிச் சுற்று முடியும் வரை, அதற்கப்புறம் முடிவைப் பார்த்து, என்று எழுதுங்கள். அணித் தேர்வில் வெளியாள் யாருக்கும் இடமில்லை, மூத்த வீரரை நீக்கினால் காரணத்தை அவரிடமே நேரில் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் எங்கள் பையன்கள் சேர்த்தார்கள்.

நான் கான்ஸ்டன்டைன் வேண்டாம் என்று எழுதிப் போட்டேன். நான்கு ஆட்டத்திலும் ஜெயிக்க வேண்டிய நிலையில், முன்னிலையைக் காக்கத் தெரியாத ஆட்டமுறை ஒத்துவராது என்பது என் காரணம். ஆகஸ்ட் 1 அன்று காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். அந்த மாதக் கடைசியில் தொடங்கிய மத்திய ஆசியப் போட்டியான காஃபா நேஷன்ஸ் கோப்பையில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் வந்ததில் எங்கள் பேக்கரி ஒரே சந்தோஷம். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 தோற்று ஆசியக் கோப்பை கைவிட்டுப் போனது. மறு ஞாயிறே "அன்னைக்கே சொன்னனுங்களே" என்று சிலர் தொடங்கினார்கள்.

அதற்காகத்தான் அட்டையின் அடியில் ஒரு தேதியும் எழுதச் சொல்கிறேன். கடைசித் தகுதி ஆட்டம் முடிந்த அடுத்த ஞாயிறு என்று எழுதி வைத்தால், அதற்கு முன் யாரும் பேச்சைத் திறக்கக் கூடாது. தேதி வந்ததும் பழைய அட்டையை எடுத்து மேஜையில் வையுங்கள், வேலை என்று மேலே எழுதிய வரியை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். வேலை மாறியிருந்தால் புது அட்டை எடுங்கள். போன தடவை கடைசியில் பேசியவரை இந்தத் தடவை முதலில் பேச விடுங்கள்.