பழைய பிடில் மெட்டு ஒன்றின் மூலத்தைத் தேடும் முறை

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் செவிவழியாகவே கற்று வாசிக்கப்பட்டுவந்த பிடில் மெட்டுகளுள் பெரும்பாலானவற்றுக்கு இயற்றியவர் பெயரும் தெரியாது, ஆண்டும் தெரியாது. அவற்றின் மூலத்தைத் தேடுபவர் முதலில் தலைப்பை ஒதுக்கிவைக்க வேண்டும். 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்', அதாவது நெப்போலியனின் பின்வாங்கல், என்ற பெயரைக் கேட்டதும் 1812ஆம் ஆண்டின் ரஷ்யப் படையெடுப்பில் பிறந்த மெட்டு இது என்று எண்ணத் தோன்றும். ஆனால் நெப்போலியன் ராக்கி மலைகளைக் கடந்ததாகப் பெயர் சூட்டப்பட்ட மெட்டும் இதே மரபில் உண்டு. அவரோ அமெரிக்க மண்ணை மிதித்ததேயில்லை.

அடுத்து, வாத்தியத்துக்கு எவ்வாறு சுருதி கூட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வயலினின் நான்கு தந்திகளுக்கும் மேலைச் சுரப்பெயர்களில் ஜி, டி, ஏ, ஈ என்பதே வழக்கமான சுருதி. இம்மெட்டுக்கோ முதல் தந்தியையும் கடைசித் தந்தியையும் இறக்கி டி, டி, ஏ, டி என வைப்பது பழைய பிடில்காரர்களின் வழக்கம். அப்போது கீழ்த்தந்தி ஸ்காட்லாந்தில் வாசிக்கப்படும் பைக்குழலின் (பேக்பைப்) ஆதாரசுருதியைப் போல அடியில் முழங்கும். இந்த ஒற்றுமையை மட்டும் வைத்து மெட்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தது என்று முடிவுகட்டுவது அவசரம் என்பேன். சுருதி மாற்றம் ஒரு துப்பு மட்டுமே, சான்று அன்று.

பிறகு, தேதி உறுதியாகத் தெரிந்த பதிவுகளைக் கால வரிசையில் அடுக்க வேண்டும். ஏ. ஏ. கிரே என்பவர் 1924இல் இம்மெட்டை இசைத்தட்டுக்காக வாசித்தார். 1937இல் கென்டக்கியின் சாலியர்ஸ்வில்லில் வில்லியம் ஹாமில்ட்டன் ஸ்டெப் வாசித்ததை நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவுசெய்தார். இந்த ஆண்டுகள் மெட்டு பிறந்த ஆண்டுகள் அல்ல. அதற்குள் மெட்டு இருந்துவிட்டது என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன.

இரு வடிவங்களை ஒப்பிடும்போது அலங்காரச் சுரங்களை நீக்கிவிட்டு, அழுத்தமான தட்டுகளில் விழும் சுரங்களையும், ஒவ்வொரு பகுதியும் எந்தச் சுரத்தில் வந்து நிற்கிறது என்பதையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். வேகத்தை நம்பக் கூடாது, ஏனெனில் பலர் நடைபோடும் அணிவகுப்பைப் போல வாசித்த இதே மெட்டை ஸ்டெப் ஆட்ட மெட்டாக விரைவுபடுத்திவிட்டார்.

பலர் இடறுவது கடைசிக் கட்டத்தில்தான். ஸ்டெப்பின் வாசிப்பை இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர் சுரப்படுத்தினார். அது 1941இல் அச்சேறியது. மறு ஆண்டே அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் அதைத் தமது 'ரோடியோ' பாலேயின் 'ஹோ டவுன்' பகுதிக்கு எடுத்தாண்டார். எனவே 1942க்குப் பிறகு வாசித்த ஒருவரிடம் ஸ்டெப்பின் வேகமும் அவருக்கே உரிய திருப்பங்களும் ஒருங்கே காணப்பட்டால், அவர் யாரிடம் கற்றார் என்று விசாரித்துத் தெளியும்வரை அதைத் தனிச் சான்றாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.