‘லவ் இஸ் எ மெனி-ஸ்ப்ளெண்டர்ட் திங்’: சீனப் பாத்திரங்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைமுகட்டில் ஒற்றை மரம். அதனடியில் வில்லியம் ஹோல்டனும் ஜெனிபர் ஜோன்ஸும். பின்னால் ஆல்பிரட் நியூமனின் இசை. 1955இல் ஹென்றி கிங் இயக்கத்தில் வந்த இந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட அதன் பாட்டு காதில் விழுந்திருக்கும். இசை, பாடல், உடையலங்காரம் மூன்றுக்கும் ஆஸ்கர் வாங்கிய படம். கதை 1949இன் ஹாங்காங்கில் நடக்கிறது. சீன அப்பாவுக்கும் ஐரோப்பிய அம்மாவுக்கும் பிறந்த ஹான் சூயின் ஒரு மருத்துவர், கணவனை இழந்தவர். மார்க் எலியட் அமெரிக்க நிருபர், மணமானவர், மனைவி விவாகரத்து தர மறுக்கிறாள். இருவரும் காதலிக்கிறார்கள். கொரியப் போர் அவனைக் கொண்டுபோய்விடுகிறது.

இந்தப் படத்தைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒன்று உருகுகின்றன, இல்லையென்றால் ‘இனவெறிப் படம்’ என்று ஒரே வரியில் தூக்கிப் போடுகின்றன. இரண்டு தரப்புமே போஸ்டரில் இருக்கும் இரண்டு முகங்களைத் தாண்டிப் பார்ப்பதில்லை. எழுத உட்காருகிறவர்கள் எங்கெங்கே வழுக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

‘வெள்ளைக்காரி சீனத்தியாக நடித்தார்’

அடிக்கடி வரும் வாக்கியம் இது. பாதிதான் சரி. படத்தின் சூயின் சீனப் பெண் அல்ல, யுரேசியன். இரண்டு ரத்தமும் ஓடுகிற பெண். கதையின் முடிச்சே அதுதான். ஆங்கிலேயச் சமூகத்தில் ஒட்டிக்கொள்ள முடிந்தும் தன்னைச் சீனத்தி என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறாள். அவளுக்கு எதிர்நிலையில் சுசான் என்றொரு தோழி வருகிறாள். அவளும் யுரேசியன். ஆனால் சீனப் பாதியை மறைத்து வெள்ளைக்காரியாகவே உலவுகிறாள். மறைப்பவள் ஒருத்தி, மறைக்க மறுப்பவள் ஒருத்தி. இந்த இழையைச் சொல்லாமல் ‘சீனத்தி வேடம்’ என்று எழுதினால் படத்தையே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்வது இன்னும் மோசம். ‘பாதி வெள்ளைதானே, ஜெனிபர் ஜோன்ஸ் நடித்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் மற்றப் பாதியைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஜோன்ஸ் ஓக்லஹோமாவில் பிறந்தவர். சுசானாக நடித்த ஜோர்ஜா கர்ட்ரைட்டும் வெள்ளை நடிகை. சூயினின் தங்கையாக வரும் டோனா மார்ட்டெல்லும் அப்படியே. இரண்டு இனங்களுக்கு நடுவில் நிற்கும் பெண்களைப் பற்றிய படத்தில் அந்த மூன்று பெண்களில் ஒருவர்கூட அப்படிப்பட்டவர் இல்லை. சீன உடையும் கண்ணோர ஒப்பனையும் சேர்ந்தால் சீனப் பாதி வந்துவிடும் என்பது ஹாலிவுட் கணக்கு. அந்த உடைகளுக்குத்தான் ஆஸ்கரும் கிடைத்தது.

ஏன் இப்படி என்பதற்கு வெறும் ‘நட்சத்திர மதிப்பு’ என்று பதில் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. 1934 முதல் கண்டிப்பாக அமலான ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளில் இனக்கலப்புக்குத் தடை இருந்தது. எழுத்தில் வெள்ளையர்–கறுப்பர் உறவு என்றுதான் இருந்தது. நடைமுறையில் ஸ்டூடியோக்கள் ஆசியர்களையும் அதே வேலிக்குள் அடைத்தன. 1937இல் வந்த ‘தி குட் எர்த்’தில் கதாநாயகன் வெள்ளை நடிகரான பால் முனி, சீன விவசாயி வேடத்தில். அப்படியானால் அவர் மனைவியாக உண்மையான சீன வம்சாவளி நடிகை நடிக்க முடியாது! லாஸ் ஏஞ்சலீஸிலேயே பிறந்து, மௌனப் படக் காலத்திலேயே பெயர் வாங்கியிருந்த அன்னா மே வோங்குக்கு அந்த வேடம் போகவில்லை. லூயிஸ் ரெய்னருக்குப் போனது, ஆஸ்கரும் வந்தது. இந்தத் தடை விதிகளிலிருந்து நீக்கப்பட்டது 1956இல். நம் படம் அதற்கு ஓராண்டு முந்தியது. காதலர்களில் ஒருவர் வேற்றினம் என்று கதை சொல்லலாம், முத்தமிடும் இரண்டு முகங்களும் வெள்ளையாக இருந்தால் யாருக்கும் பதற்றமில்லை. அந்தச் சமாளிப்பின் பெயர்தான் இந்த நடிகர் தேர்வு.

‘அந்தக் காலம் அப்படி’

இது விளக்கம்போலத் தெரியும் சாக்கு. அந்தக் காலத்தில் எல்லாருக்குமா அது சரியாகப் பட்டது? அன்னா மே வோங் 1933லேயே, திரையில் சீனர் மட்டும் ஏன் எப்போதும் வில்லனாகவே வருகிறார் என்று பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகக் கேட்டுவிட்டார். ‘அந்தக் காலம்’ என்று சொல்லும்போது அந்தக் காலத்தில் வாழ்ந்த சீன அமெரிக்கர்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஓரத்தில் நிற்பவர்களைப் பார்க்காமல் விடுவது

என்னைக் கேட்டால் படத்தில் பார்க்க வேண்டியதே இவர்களைத்தான். கட்டுரைகளில் இவர்கள் பெயர் வருவதே இல்லை.

சூயினின் மூன்றாவது சித்தப்பாவாக, நிதானமும் மரியாதையும் கலந்து பேசும் பெரியவராக வருபவர் பிலிப் ஆன். இவர் சீனரே அல்லர், கொரிய வம்சாவளி. கொரிய விடுதலைப் போராளி ஆன் சாங்-ஹோவின் மகன். கொரியப் போரில் கதாநாயகன் சாகும் படத்தில் ஒரு கொரியர் சீனச் சித்தப்பாவாக உட்கார்ந்திருக்கிறார். ஹாங்காங் செல்வந்தர் ராபர்ட் ஹங்காக வரும் ரிச்சர்ட் லூ ஹவாயில் பிறந்த சீன வம்சாவளி நடிகர். இரண்டாம் உலகப் போர்க்காலப் படங்களில் ஜப்பானிய வில்லன் என்றால் கூப்பிடு இவரை என்ற நிலை. அண்ணனாக வரும் கீ லூக், சார்லி சான் துப்பறியும் படங்களில் மூத்த மகனாக அமெரிக்கா முழுக்கத் தெரிந்த முகம். ஆனால் இந்தப் படத்தின் டைட்டிலில் அவர் பெயரே இல்லை.

ஆகவே ‘துணைப் பாத்திரங்களில் உண்மையான சீனர்கள் நடித்தார்கள்’ என்று பாராட்டுவதும் தவறு, ‘சீனர்களே இல்லை’ என்று திட்டுவதும் தவறு. ஆசிய முகம் இருந்தால் எந்த நாட்டு வேடத்துக்கும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்ற வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்துக்குள்ளேயே இவர்கள் பிழைப்பும் நடந்தது, திறமையும் வெளிப்பட்டது. பிலிப் ஆன் வரும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். வசனம் அவருக்குக் கொடுத்தது கொஞ்சம், அவர் அதை வைத்துக்கொண்டு செய்வது அதிகம்.

அந்தக் குடும்பக் காட்சியில் தமிழ்ப் பார்வையாளருக்கென்று ஒரு தனிச் சறுக்கலும் இருக்கிறது. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, வெளிநாட்டானைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டு, குடும்ப மானம் பேசுவதைப் பார்த்ததும் ‘அட, நம்ம வீடு மாதிரியே இருக்கே’ என்று நெருங்கிவிடுவோம். நெருக்கம் உண்மைத்தன்மைக்குச் சான்று ஆகாது. சீனாவின் சுங்கிங் நகரத்தில் இருப்பதாக வரும் அந்த வீடு அமெரிக்கப் பார்வையாளருக்கு விநோதமாகத் தெரிய வேண்டும் என்று ஹாலிவுட்டில் கட்டப்பட்டது.

பட்டாம்பூச்சியையும் ஜோசியத்தையும் சீனப் பண்பாடு என்று நம்பிவிடுவது

படம் முழுக்கச் சகுனங்கள். பட்டாம்பூச்சி வந்து தோளில் உட்காரும். ஜோசியர் பலன் சொல்வார். பொறாமைக்காரத் தெய்வங்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று நல்ல விளைச்சலை மட்டமென்று கூவுவார்கள். இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு ‘சீனர்களின் நம்பிக்கைகள்’ என்று பத்தி எழுதுகிறவர்கள் உண்டு. இதில் எது நாட்டார் வழக்கு, எது திரைக்கதைக்குத் தேவைப்பட்ட ஜோடனை என்று பிரித்தறியப் படம் உதவாது. கவனிக்க வேண்டியது வேறு: இந்தச் சூயின் ஒரு மருத்துவர். தன் வாழ்க்கையை வைத்து இந்தக் கதையை நாவலாக எழுதிய நிஜ ஹான் சூயினும் லண்டனில் மருத்துவம் முடித்தவர். மார்க் எலியட் அரசியலும் போரும் பேசலாம், நடைமுறை மனிதனாக இருக்கலாம். அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் டாக்டருக்கு மட்டும் பழமொழியும் சகுனமும். இழிவு செய்யும் நோக்கமே இல்லாமல், புகழ்ந்துகொண்டே ஒருவரைச் சின்னதாக்கும் வித்தை இது. திட்டுவதைவிட இது கண்டுபிடிக்கச் சிரமமானது. அதனால்தான் ‘சீனர்களை உயர்வாகக் காட்டிய படம்’ என்று இன்றும் எழுதுகிறார்கள்.

திரைக்கதை எழுதிய ஜான் பேட்ரிக், ஜப்பானின் ஒகினாவா தீவுப் பின்னணியில் ‘தி டீஹவுஸ் ஆஃப் தி ஆகஸ்ட் மூன்’ நாடகத்தை எழுதியவர். 1956இல் அது படமானபோது ஒகினாவாக்காரனாக நடித்தவர் வெள்ளை நடிகர் மார்லன் பிராண்டோ. மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

பழியை யார் தலையில் போடுகிறது என்று பார்க்காமல் விடுவது

படத்தில் இனவெறி பேசுபவர்கள் ஆங்கிலேயர்கள். பாமர்-ஜோன்ஸ் தம்பதி, அவர்கள் வீட்டு விருந்து, காதில் கிசுகிசு, கடைசியில் மருத்துவமனையில் சூயினின் வேலை போவது வரைக்கும். கதாநாயகன் அமெரிக்கன், அவன் மனத்தில் அப்படி ஒரு களங்கமும் கிடையாது. பார்க்கிற அமெரிக்க ரசிகர் நிம்மதியாகத் தலையாட்டலாம். அவர் நாட்டு நிலவரமோ வேறு. கலிபோர்னியாவில் வெள்ளையரும் ஆசியரும் மணந்துகொள்ளத் தடை இருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 1948இல்தான். நாடு முழுவதற்குமாக இப்படிப்பட்ட சட்டங்கள் விழுந்தது 1967இல். படம் ஓடிய தியேட்டர்கள் சிலவற்றுக்கு வெளியே சட்டமே அந்தக் கல்யாணத்தை ஏற்காது. படத்தில் குறுக்கே நிற்பது மனைவி தராத விவாகரத்து மட்டும். காலனி ஹாங்காங்கில் இனப்பாகுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருந்தது. கண்ணாடியை அடுத்த வீட்டுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

சீனாவிலிருந்து ஓடிவந்த அகதிகள் விஷயத்திலும் அப்படித்தான். 1945இல் ஏறக்குறைய 6 லட்சமாக இருந்த ஹாங்காங் மக்கள்தொகை ஐந்தே ஆண்டுகளில் 20 லட்சத்தைத் தாண்டியது. படத்தில் அவர்கள் காதலுக்குப் பின்னால் நகரும் கூட்டம்.

படத்தின் பிழைகளை ஹான் சூயின் கணக்கில் எழுதுவது

‘சீனப் பெண்ணே எழுதிய சொந்தக் கதை, அப்புறம் எப்படித் தப்பாகும்?’ என்ற வாதம் அடிக்கடி வரும். 1952இல் வந்த அவருடைய நாவலுக்கும் படத்துக்கும் தூரம் அதிகம். நிஜக் காதலர் அமெரிக்கரல்லர், லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழின் நிருபர் இயன் மோரிசன், ஆஸ்திரேலியக் குடும்பம், பிறந்தது பெய்ஜிங்கில். படத்தில் தட்டச்சு இயந்திரத்தின் முன் இருக்கும்போது குண்டு விழுகிறது. உண்மையில் 1950 ஆகஸ்டில் கொரியாவில் அவர் போன ஜீப் கண்ணிவெடியில் சிக்கியது. அதே ஜீப்பில் இன்னொரு பிரிட்டிஷ் நிருபரும், ஐ.நா. கொரிய ஆணையத்துக்கு இந்தியா அனுப்பியிருந்த கர்னல் எம்.கே. உண்ணி நாயரும் இறந்தார்கள். படத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

ஹான் சூயினுக்கு ஒரு வளர்ப்பு மகள் இருந்தாள். படத்தில் அவளும் இல்லை. அந்த மகளுக்குக் காசநோய், நுரையீரல் அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருந்தது, அதற்காகத்தான் பட உரிமையை விற்றேன் என்று தன் வாழ்க்கை நூலில் சொல்கிறார். அப்போது அவர் ஜொகூர் பாருவில் மருத்துவர். பாலத்துக்கு அந்தப்புறம் சிங்கப்பூர் கேத்தே தியேட்டரில் வாரக்கணக்கில் கூட்டம் அலைமோத ஓடிய படத்தைப் போய்ப் பார்க்கவே இல்லையாம். பின்னால் அவர் மணந்துகொண்டது இந்திய ராணுவப் பொறியாளர் கர்னல் வின்சென்ட் ரத்தினசாமியை, சில காலம் பெங்களூரிலும் வாழ்ந்தார். மார்க்கை நினைத்து மரத்தடியில் நின்றுகொண்டே காலத்தைக் கழித்தவர் அல்லர்.

‘சூசி வோங் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது’

1960இல் ‘தி வேர்ல்ட் ஆஃப் சூசி வோங்’. அதே ஹாங்காங், அதே வில்லியம் ஹோல்டன். கதாநாயகி நான்சி குவான், ஹாங்காங்கில் பிறந்தவர், அப்பா சீனர், அம்மா பிரிட்டிஷ்காரர். ஒரு வேடிக்கை பாருங்கள்: யுரேசியன் வேடத்துக்கு வெள்ளை நடிகை, சீன வேடத்துக்கு யுரேசியன் நடிகை. ஆனாலும் முன்னேற்றம்தான். நான்சி குவான் திரையில் வந்தாலே ஜெனிபர் ஜோன்ஸின் சிரமம் புரிந்துவிடும்.

வேடத்துக்கேற்ற முகம் கிடைத்தால் எழுத்தும் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் தவறு. சூசி, ஹாங்காங்கின் வான் சாய் பகுதி மதுக்கூடத்தில் மாலுமிகளுக்குக் கம்பெனி கொடுக்கும் பெண். ஆசைப்பட்டு ஐரோப்பிய உடை உடுத்தி வந்தால், ஓவியனான கதாநாயகன் அதைப் பிடுங்கி எறிகிறான். அவனுக்குச் சீன உடையில் இருக்கும் சூசிதான் வேண்டும். மாலுமி ஒருவன் அடித்த காயத்தைக் காட்டி, பொறாமையில் காதலன் அடித்தான் என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொள்கிறாள். 1955இல் டாக்டர் ஒருத்தி இருந்தாள், வேலை போனாலும் தலை நிமிர்ந்து நின்றாள். ஐந்து வருஷத்தில் உண்மையான நடிகை கிடைத்தபோது பாத்திரம் பாருக்கு இறங்கிவிட்டது.

நடிகர் பட்டியலைச் சுருக்கிவிடுவது

ஜெனிபர் ஜோன்ஸுக்கு உச்சரிப்புப் பயிற்சி தரும் வேலைக்காக இந்தப் படத்துக்கு வந்தவர் பியூலா குவோ. வெள்ளை நடிகைக்குச் சீனச் சாயல் கற்றுக்கொடுக்க வந்த சீன அமெரிக்கப் பெண்ணுக்கு ஒரு சின்ன அத்தை வேடம் கிடைத்தது. ஐந்தாவது சகோதரனாகத் தலைகாட்டிய இளைஞர் ஜேம்ஸ் ஹாங். இருவர் பெயரும் டைட்டிலில் வராது, அதைப் பார்த்து எழுதும் கட்டுரைகளிலும் வராது. பத்தாண்டு கழித்து, 1965இல், ஆசிய அமெரிக்க நடிகர்களுக்கென்று லாஸ் ஏஞ்சலீஸில் ‘ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் இவர்கள் இருவரும் இருந்தார்கள். ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ படத்தில் சக்கர நாற்காலியில் வரும் அந்தக் கிழவர் இதே ஜேம்ஸ் ஹாங்தான். ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதித்தது 2022இல், 93 வயதில்.