டெம்ப்டேஷன்ஸ் பாட்டுல அஞ்சு குரலையும் தனித்தனியா பிரிச்சுக் கேட்கிறது எப்படி

மோட்டவுன் (அமெரிக்காவுல டெட்ராய்ட்ல ஆரம்பிச்ச ரெக்கார்ட் கம்பெனி) பாட்டெல்லாம், அதுவும் அஞ்சு ஆம்பளைங்க சேந்து பாடற டெம்ப்டேஷன்ஸ் குழுவோடது, ரொம்பப் புடிக்கும், ஆனா கோரஸ் வந்தா யாரு எதப் பாடறாங்கன்னு ஒண்ணுமே புரியலன்னு நெறைய பேரு கேட்கறீங்க. எனக்கு யாரும் சொல்லித்தரல, கேட்டுக் கேட்டே புடிச்ச வழி இது, அதே வரிசையில எழுதறேன்.

மொதல்ல ஒயர் வெச்ச ஹெட்போன் எடுங்க. போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், அதுல மெல்வின் ஃப்ராங்க்ளினோட கீழ்க்குரல் பாதி காணாமப் போயிடும், அப்புறம் அஞ்சு பேர எப்படி எண்றது? சாஃப்ட்வேர்னா ஆடாசிட்டி போதும், ஃப்ரீதான். பாட்ட ஸ்லோ பண்ண 'சேஞ்ச் டெம்போ'ல மைனஸ் 25 குடுங்க. ஸ்பீட மாத்தற எஃபெக்ட் பக்கம் போகாதீங்க, சுருதியும் சேந்து எறங்கிடும். ஏஐ வெச்சு வோக்கல் பிரிக்கிற ஆப்ப நான் சிபாரிசு பண்ண மாட்டேன், ஏன்னா அது பாட்டையும் மியூசிக்கையும் பிரிக்குமே தவிர பெரும்பாலும் அஞ்சு குரலையும் ஒரே ட்ராக்கா கட்டித்தான் குடுக்கும், நமக்கு வேண்டியது அதுக்குள்ள இருக்கிற ஆளுங்க.

குரல் அடையாளம்

1969ல வந்த 'ஐ கான்ட் கெட் நெக்ஸ்ட் டு யூ' போடுங்க. இதுல அஞ்சு பேரும் மாறி மாறி லீட் (முன்னணிக் குரல்) எடுப்பாங்க, அதனால அறிமுகத்துக்கு இதவிட நல்ல பாட்டு இல்ல. கரகரன்னு முழங்கறது டென்னிஸ் எட்வர்ட்ஸ், மெல்லிசா உச்சத்துல மிதக்கிறது எடி கெண்ட்ரிக்ஸ், பாதாளத்துலேர்ந்து வர்றது மெல்வின். மிச்சம் ரெண்டு வில்லியம்ஸ், பாலும் ஓட்டிஸும் (சொந்தக்காரங்க இல்ல). பால் குரல்ல ஒரு கதகதப்பு இருக்கும். ஓட்டிஸ புடிக்கத்தான் நாளாகும், அவரு லீட் பாடினதே கம்மி, ஆனா ஹார்மனி நடுவுல நின்னு தாங்கறது அவருதான்.

சுருதி புடிக்கிறது

இப்ப 'மை கேர்ள்'. 1964 கடைசியில வந்து 1965 மார்ச்ல பில்போர்ட்ல நம்பர் 1 ஆன பாட்டு, ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் வைட்டும் சேந்து எழுதினது, லீட் டேவிட் ரஃபின் (டென்னிஸுக்கு முன்னாடி அந்த எடத்துல இருந்தவரு). ஜேம்ஸ் ஜேமர்சனோட பேஸ் மட்டும் தனியா ஆரம்பிக்கும், 'ச'வும் 'ப'வும் தம்புரா மாதிரி. அப்புறம் ராபர்ட் வைட்டோட கிட்டார் ஏறும் பாருங்க, ச ரி க ப த ச, அப்படியே மோகன ஆரோகணம், 1 கட்டையில! அடுத்து அதே ஏத்தத்த 'ம'வ 'ச'வா வெச்சு ஒரு தடவ வாசிப்பாரு. அத வாய்விட்டுப் பாடி சுருதிய மனசுல நிறுத்திட்டுத்தான் கோரஸுக்குப் போகணும்.

நடுக்குரல், கஷ்டமான எடம்

எல்லாரும் நிக்கிறது இங்கதான், அதனால பொறுமையா படிங்க. ரஃபின் முன்னாடி பாடறப்ப பின்னாடி நாலு பேரு. மொத நாள் மெல்வின மட்டும் கேளுங்க, அவரு கூடவே முனகுங்க, உங்களுக்கு அவ்ளோ கீழ போகலன்னா ஒரு ஸ்தாயி மேல வெச்சுக்கோங்க. அடுத்து எடிய அதே மாதிரி. மேலயும் கீழயும் கையில வந்துடுச்சுன்னா நடுவுல என்ன ஸ்வரம் மிஞ்சுதுன்னு கணக்குப் போடலாம், மேல பா, கீழ சான்னா நடுவுல பெரும்பாலும் கா. அந்தக் காவ நீங்களே சன்னமா முனகிக்கிட்டு திரும்பப் போடுங்க, உங்க குரலும் அவங்க குரலும் ஒட்டற எடத்துல அது சட்டுனு தனியா எழுந்து வரும், நிஜமா, புல்லரிக்கும்.

இன்னொண்ணு, வார்த்தை ஆரம்பிக்கிற எடத்த கேளுங்க, முடியற எடத்த இல்ல. டெட்ராய்ட்ல வெஸ்ட் கிராண்ட் பொலிவார்ட் 2648ன்னு ஒரு வீடு, அதுதான் மோட்டவுன் ஸ்டூடியோ, மாடிக்கு மேல பரண்லயே எக்கோ சேம்பர் (குரல எதிரொலிக்க வைக்கிற அறை) வெச்சிருந்தாங்க. அந்த எக்கோவுல வார்த்தைங்களோட வாலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சிடும்.

கடைசி சரணத்துக்கு முன்னாடி பாட்டு 1 கட்டையிலேர்ந்து 2 கட்டைக்கு ஏறிடும், கணக்க மாத்திக்கணும்.

அப்டேட்: ஒருத்தர், எனக்கு நீங்க சொல்ற மாதிரி கேட்கவே இல்லைன்னு கமென்ட் போட்டாரு. அவரு கேட்டது 'மை கேர்ள' பின்னாளுல மறுபடியும் பாடி ரெக்கார்ட் பண்ணின வெர்ஷன். 1965ல வந்த 'தி டெம்ப்டேஷன்ஸ் சிங் ஸ்மோக்கி' ஆல்பத்துலேர்ந்து எடுங்க, பிரச்சனையே வராது.

இன்னொரு அப்டேட்: மோட்டவுனோட இன்னொரு குழு ஃபோர் டாப்ஸ்ல நாலும் ஆம்பளைங்க, ஆனா பொம்பளக் குரல் கேட்குதேன்னு ரெண்டு பேரு கேட்டிருந்தீங்க. உங்க காது சரிதான். அது பின்னணி பாடற தி அண்டாண்டெஸ்: ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பேரோ, லூவெய்ன் டெம்ப்ஸ். மோட்டவுன்ல அத்தனை பாட்டுக்குப் பாடியும் அட்டையில பேரு வரல, அதனால பேர சொல்லியே கேளுங்க. 1968ல வந்த சுப்ரீம்ஸோட 'லவ் சைல்ட்'லயும் டயானா ராஸுக்குப் பின்னாடி இருக்கிறது இவங்கதான், அதுல சுப்ரீம்ஸ் குழுவுல இருந்த மேரி வில்சன தேடினா கெடைக்க மாட்டாங்க. மேரியும் அதே குழுவோட ஃப்ளோரன்ஸ் பேலர்டும் வேணும்னா 1964 'பேபி லவ்'லேர்ந்து ஆரம்பிங்க, பின்னணியில ரெண்டே குரல், பழகறதுக்கு ரொம்ப ஈஸி.