அடுப்பு எரிகிறது, வெப்பநிலை ஏறவில்லை: ஐஸ் பரிசோதனை

ஐஸ் உருகும்போது வெப்பநிலை மாறாது என்றால் தரம் 10 பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதும் மாறாது என்றால்தான் முழிப்பார்கள். கொழும்பு ஃபிளாட் ஒன்றின் சின்னக் குசினியே இதற்குப் போதும்.

200 கிராம் ஐஸ், சின்னச் சட்டி, கரண்டி, வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி சரிவராது. அது 35 முதல் 42 பாகை செல்சியஸ் வரைதான் காட்டும். கண்ணாடியில் செய்ததைப் பிள்ளைகள் நிற்கும் குசினிக்குள் நான் விடமாட்டேன். கம்பி முனையுள்ள டிஜிற்றல் சமையல் வெப்பமானிதான் என் தெரிவு. புறக்கோட்டையில் தேடினால் கிடைக்கும்.

படி 1: ஐஸைச் சிறு துண்டுகளாக உடைத்துச் சட்டியில் போட்டு, வெப்பமானி முனை நனையும் அளவுக்குக் குளிர்நீர் விடுங்கள்.

படி 2: அடுப்பை ஆகக் குறைத்து வையுங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையை எழுதுங்கள்.

படி 3: கலக்குங்கள். நிறுத்தாமல் கலக்குங்கள்.

பரிசோதனை பிழைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கலக்காமல் விட்டால் அடியில் உள்ள நீர் சூடாகிவிடும், மேலே ஐஸ் மிதந்துகொண்டிருக்கும். முனை தொடும் இடத்துக்கேற்ப 2, 5, 9 என்று என்னவெல்லாமோ காட்டும். அடுப்பே இல்லாமல், உயரமான குவளையில் ஐஸ்நீரை அசையாமல் வைத்தாலும் அடியில் 0 வராது, 4ஐ ஒட்டி நிற்கும். நீருக்கு அடர்த்தி கூடியது 4 பாகையில். அந்த நீர் கீழே இறங்கிவிடும். முனை சட்டியின் அடியைத் தொடவும் கூடாது, தொட்டால் நீங்கள் அளப்பது சட்டியை.

ஒழுங்காகக் கலக்கினால், கடைசித் துண்டு கரையும்வரை 0ஐ ஒட்டியே நிற்கும்.

அப்படியானால் அடுப்புக் கொடுத்த வெப்பம் எங்கே போனது? திண்மத்தில் மூலக்கூறுகள் இருந்த இடத்திலேயே அதிர்கின்றன. வெப்பநிலை என்பது அவற்றின் சராசரி இயக்கசக்தியின் அளவு. உருகும்போது வரும் சக்தி வேகத்தைக் கூட்டுவதில்லை. மூலக்கூறுகளைக் கட்டிவைத்திருக்கும் ஐதரசன் பிணைப்புகளைத் தளர்த்துவதில் செலவாகிறது. இதுதான் மறைவெப்பம். 1760களில் ஸ்கொட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக் விளக்கியது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோயூல் வேண்டும். நம்முடைய 200 கிராமுக்கு ஏறத்தாழ 67 கிலோயூல். அதே வெப்பம் 200 கிராம் நீரை 0இலிருந்து 80 பாகைக்கு ஏற்றிவிடும்!

படி 4: அடுப்பைக் கூட்டிக் கொதிக்க விடுங்கள். 100ஐ ஒட்டி மறுபடியும் நிற்கும். உயரமான மலைநகரான நுவரெலியாவில் செய்தால் 94ஐ ஒட்டியே கொதித்துவிடும், காற்றழுத்தம் குறைவு. ஒரு கிலோ நீர் கொதித்து ஆவியாக 2260 கிலோயூல் வேண்டும், உருகுவதற்குத் தேவையானதைப் போல ஏழு மடங்குக்குக் கிட்ட. நீராவி பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடுவது இதனால்தான்; தோலில் ஒடுங்கி நீராகும்போது அவ்வளவையும் கக்கிவிடும். முகத்தைச் சட்டிக்கு மேலே கொண்டுபோகாதீர்கள்.

பிற்சேர்க்கை: ஒருவருக்கு மைனஸ் 3 காட்டியதாம். விசாரித்தால், மீன் கடையில் வாங்கிய ஐஸ். உப்புக் கலந்தால் உருகுநிலை இறங்கும்; வீட்டு ஃபிரிட்ஜில் உறையவைத்ததையே எடுங்கள்.

இன்னொருவர், குவளைக்கு வெளியே நீர் கசிகிறது என்றார். கசிவு இல்லை. கொழும்புக் காற்றில் நீராவி தாராளம், குளிர்ந்த குவளையில் பட்டு ஒடுங்குகிறது. தராசில் வைக்குமுன் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த நிறையும் ஐஸின் கணக்கில் ஏறிவிடும்.